பட்டன் நன்றாக இருந்தால் போதுமா? அறிகுறியை வைத்து டயர் கோளாறைப் பிடிப்பது

நெல்லைச் சீமையில் நிறைய வீடுகளில் கார் ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் அதிகம். மகன் சென்னையிலோ துபாயிலோ இருப்பார். ஊரில் அப்பா மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எடுப்பார். பிறகு கோவில் கொடைத் திருவிழா வரும், பொங்கல் வரும், குற்றாலத்தில் சீசன் வரும். அன்றைக்கு அதே காரில் குழந்தைகளோடு ஏழு பேர் ஏறுவார்கள், டிக்கி மூடாத அளவுக்குச் சாமான் ஏறும், மத்தியான வெயிலில் நாலுவழிச் சாலையில் வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகும். மாதக்கணக்கில் சும்மா நின்ற டயர்மேல் முழுப் பாரமும் ஒரே நாளில் விழுகிறது.

அதனால் இந்தப் பக்கத்தில் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவது அதிகம் என்பது என் அனுபவம். ஆனால் டயரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பட்டனை, அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டிகளை, மட்டும் பார்க்கிறார்கள். "பட்டன் அப்படியே இருக்கு அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்ற பேச்சை நம்பி நானும் சிக்கியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் வண்டியில் என்ன அறிகுறி தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒரே ஒரு கருவி மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: காற்று அளக்கும் டிஜிட்டல் கேஜ். பங்க்கில் இருக்கும் மீட்டரும் கடைக்காரரின் மீட்டரும் ஒன்றுக்கொன்று 3, 4 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வித்தியாசம் காட்டுவது சாதாரணம். ஒரே கேஜில் அளந்தால்தான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும்.

காலையில் பார்த்தால் ஒரு டயர் மட்டும் இறங்கியிருக்கிறது

நாலு டயரிலும் ஒரேபோல மாதத்துக்கு 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. குறைந்தால் அது கோளாறு இல்லை. ரப்பர் வழியாகவே காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒன்று மட்டும் இறங்கினால்தான் தேட வேண்டும்.

முதலில் வால்வ். மூடியைக் கழற்றி, வால்வ் வாயில் சோப்பு நுரையை வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும், செலவும் அதிகம் இல்லை. வால்வின் ரப்பர் தண்டை லேசாக வளைத்தும் பாருங்கள். அடிப்பாகத்தில் கீறல் இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும்.

அடுத்து பட்டன். ஆணி, ஸ்குரூ எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நம் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு, உடைமுள். வேலிக்கு வெட்டிய முள்ளை டிராக்டரில் ஏற்றிப்போன பாதையில் கார் போனால், முள் ஏறி வெளியே ஒடிந்துவிடும், நுனி உள்ளே நிற்கும். கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி மாதிரிதான் தெரியும். சோப்புத் தண்ணீரைப் பட்டன் முழுக்க ஊற்றி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது ரிம். உவரி, கூடங்குளம், இடிந்தகரை மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இதை முதலிலேயே சந்தேகப்படலாம். உப்புக் காற்றில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடிக்கும். டயர் உட்காரும் இடம் சொரசொரப்பாகிவிடும், அங்கே காற்று கசியும். பஞ்சரே இல்லை என்று கடையில் திருப்பி அனுப்பிய வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். டயரைக் கழற்றி, துருவை உரசி எடுத்துச் சுத்தம் செய்து, சீலன்ட் தடவி மாட்டச் சொல்லுங்கள்.

பஞ்சர் ஒட்டும்போது இரண்டு விஷயம். வெளியிலிருந்து குத்தி ஏற்றும் பஞ்சர் திரி அவசரத்துக்கு நல்லது. அடுத்த தடவை டயரைக் கழற்றும்போது உள்பக்கம் பேட்ச் போட்டுவிடுவது நிரந்தரத் தீர்வு. ஓட்டை பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்கு உட்பட்டு இருந்தால் மட்டுமே ஒட்டலாம். பக்கச் சுவரிலோ, பட்டனும் பக்கச் சுவரும் சேரும் தோள்பட்டையிலோ இருந்தால் ஒட்டக்கூடாது, டயரை மாற்றத்தான் வேண்டும். "உள்ளே டியூப் போட்டுறலாம்" என்று சொல்வார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடாகும். குத்துப்பட்டால் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்.

இறங்கிய டயரோடு அரை கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தால், ஒட்டுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புத் தூள் கொட்டினாலோ, பக்கச் சுவரின் உட்புறம் வட்டமாக நசுங்கிய கோடு இருந்தாலோ, உள்ளே இருக்கும் நூல்கள் அரைபட்டுவிட்டன. அதை ஒட்டினாலும் பிறகு வெடிக்கும்.

எவ்வளவு காற்று வைப்பது? டயரில் 51 என்கிறது, கடையில் 30 வைக்கிறார்கள்

டயரின் பக்கச் சுவரில் 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. என்று பொடி எழுத்தில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். அதில் உள்ள எண்தான் கணக்கு. அங்கே இரண்டு வரிசை இருப்பதைக் கவனியுங்கள்: இரண்டு மூன்று பேர் போகும்போது ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று. கோவில் கொடைக்குப் போகும் அன்று இரண்டாவது வரிசையைப் பார்த்து வையுங்கள்.

அளப்பது டயர் ஆறியிருக்கும்போது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு. வெப்பம் 5, 6 டிகிரி கூடினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. ஏறும். கோவில்பட்டியிலிருந்து ஓட்டி வந்து நெல்லை வண்ணார்பேட்டையில் அளந்தால் 4, 5 கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விடாதீர்கள். ஆறிய பிறகு அது குறைவாகிவிடும். நைட்ரஜன் அடித்தால் நல்லதா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், அதற்காக அளப்பதை விட வேண்டாம்.

பட்டன் ஒரே மாதிரி தேயவில்லை

உள்ளங்கையைப் பட்டன்மேல் குறுக்காகத் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், தப்பு. ஒரு திசையில் தடவும்போது வழுக்கி, மறு திசையில் ரம்பம்போல் கையை அறுத்தால் அதுவும் அலைன்மெண்ட்தான். மேடும் பள்ளமுமாக, கிண்ணம் கவிழ்த்ததுபோல் இடைவெளி விட்டுத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் மழை பெய்த பிறகு போய்வந்தீர்களா? பேலன்சிங் கடைக்குப் போகும் முன் சக்கரத்தின் உட்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரிசல் மண் ரிம்மின் உள்ளே அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் போதும், சக்கரம் ஆடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே நடுக்கம் போய்விடும்.

மண் இல்லையென்றால் ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக் கட்டி விழுந்திருக்கலாம். அதற்கு பேலன்சிங். ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம் என்று பொதுவாகப் பிரிக்கலாம். பேலன்சிங் செய்தும் போகவில்லையென்றால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயருக்குள் கம்பி அடுக்கு பிரியத் தொடங்கியிருக்கலாம். இரண்டாவதை லேசாக எடுக்கக்கூடாது. நேற்றுவரை இல்லாத நடுக்கம் இன்று திடீரென்று வந்து, வேகமும் குறைவாக இருக்கும்போதே தெரிந்தால், ஓரங்கட்டி நிறுத்திப் பாருங்கள்.

வெகுநாள் நின்ற வண்டியில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் தடதடவென்று இருந்து பிறகு சரியாவது வேறு. நின்ற இடத்தில் டயர் தட்டையாகியிருக்கும். சூடானதும் வட்டத்துக்கு வந்துவிடும்.

கையை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் போகிறது

ஆனி, ஆடி மாதத்தில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஓட்டும்போது இது தெரிந்தால் முடிவுக்கு வராதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று காரைத் தள்ளும். அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். ரோடும் தண்ணீர் வடிய இடது பக்கம் சரிந்திருக்கும், அதனால் லேசாக இடதுபக்கம் போவது இயல்பு. காற்றில்லாத நேரத்தில் சமமான ரோட்டில் சோதியுங்கள்.

அங்கேயும் இழுத்தால் இடது, வலது டயர்களின் காற்றைச் சமமாக்குங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே தீரும். தீரவில்லையென்றால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் அலைன்மெண்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தாலோ, ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ பிரேக்கைக் காட்டுங்கள். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் இப்படிப் பக்கம் மாற்றக்கூடாது.

பக்கச் சுவரில் முட்டை மாதிரி வீங்கியிருக்கிறது

ஓட்டாதீர்கள். பள்ளத்தில் மோதி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. இப்போது காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர் மட்டும்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 செ.மீ.க்கு மேல் பெய்து, தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த வெள்ளத்துக்குப் பிறகு ரோடுகள் பெயர்ந்து கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் பள்ளம் தெரியாது. மோதிய அன்றே வீக்கம் தெரியாமல் சில வாரம் கழித்தும் வரலாம். அதனால் பெரிய பள்ளத்தில் இடித்தால் ஒரு மாதம்வரை உள்பக்கச் சுவரையும் குனிந்து பாருங்கள். வீங்கிய டயருக்கு ரிப்பேர் கிடையாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் ரப்பரில் பொடி வெடிப்பு

இந்தக் கட்டுரை எழுதியதே இதற்காகத்தான். ரப்பரைக் காற்றில் உள்ள ஓசோனும் வெயிலும் அரிக்கும். அதைத் தடுக்க டயர் செய்யும்போதே ரப்பரில் ஒருவகை மெழுகும் வேறு ரசாயனங்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போது அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து மெல்லிய போர்வையாகப் படியும். நின்றே கிடக்கும் டயரில் அது வராது. அதனால்தான் தினமும் ஓடும் டாக்சியின் டயரைவிட, வீட்டு வாசலில் மேற்கு வெயிலில் நிற்கும் காரின் டயர் முதலில் வெடிப்பு விடுகிறது. வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பளபளப்பு பாலிஷ் வெடிப்பை மறைக்குமே தவிர மாற்றாது.

வயதைக் கண்டுபிடிக்கப் பக்கச் சுவரில் டி, ஓ, டி (DOT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே தேதி இருக்கக்கூடும். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள்.

டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடந்தோறும் சோதிக்கச் சொல்கின்றன, பத்து வருடத்தைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. நம் வெயிலுக்கும், நின்றே கிடக்கும் வண்டிக்கும் ஆறு என்பதே என் கணக்கு. வெடிப்பு நகம் நுழையும் அளவுக்கு இருந்தால் ஆறும் வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

ஊரில் வண்டியை விட்டுப் போகிறவர்கள் இதைச் செய்யலாம்: வேப்பமர நிழலிலோ ஷெட்டிலோ நிறுத்துங்கள். ஸ்டிக்கரில் உள்ளதைவிட 3, 4 பி.எஸ்.ஐ. கூட வையுங்கள், திரும்ப ஓட்டும் முன் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர் யாராவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓட்டட்டும். ஸ்டார்ட் செய்து நிற்கவிடுவது பேட்டரிக்கு வேண்டுமானால் கொஞ்சம் உதவும், டயருக்கு உதவாது.

புது டயர் வாங்கப் போனால் கடைக்காரர் வேறு சைஸ் தருகிறார்

பழைய டயரில் 185/65 ஆர்15 88ஹெச் என்று இருந்தால்: 185 என்பது மி.மீ.யில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். 88 என்பது பாரக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ஹெச் என்பது வேகம், மணிக்கு 210 கி.மீ. வரை. டி (T) என்றால் 190, எஸ் என்றால் 180, வி என்றால் 240.

"ஸ்டாக் இல்ல, 195/65 போட்டுக்கோங்க" என்றால் கணக்குப் போடுங்கள். 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. 195/65 ஆர்15 உயரம் 634.5. இரண்டு சதவீதம் கூடுகிறது, ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், வளைக்கும்போது மட்கார்டில் உரசவும் கூடும். 195/60 ஆர்15 என்றால் 615, வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ஆனாலும் என் யோசனை, கதவு ஸ்டிக்கரில் உள்ள சைஸையே கேட்டு வாங்குவது. வேக எழுத்தும் பாரக் குறியீடும் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையவே கூடாது. வேக எழுத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நம் ஊர்க் குடும்பங்களுக்கு முக்கியம் பாரக் குறியீடு. 88க்குப் பதில் 82 மாட்டினால் டயருக்கு 475 கிலோதான், நாலு டயரிலும் சேர்த்து 340 கிலோ போய்விட்டது. அந்த 560 கிலோவும் காற்று சரியாக இருந்தால்தான் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தேதி எண் என்ன என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள், மாட்டிய பிறகு பேச முடியாது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும். முன்சக்கர டிரைவ் வண்டியிலும் இதேதான். பின்பக்கம் ஈர ரோட்டில் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதை ஸ்டீயரிங்கால் பிடிப்பது கஷ்டம்.

மழையில் வழுக்குகிறது

பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். எங்கே இருக்கின்றன என்பதைத் தோள்பட்டையில் உள்ள சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. (TWI) எழுத்துகளோ காட்டும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் 1.6 மி.மீ. மட்டுமே மிச்சம், சட்டப்படி அதுதான் எல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது போதாது. பள்ளத்தில் தீக்குச்சியை நட்டு, நகத்தால் குறித்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மழைக்கு முன் மாற்றுவது நல்லது. நல்ல டயரே 90 கி.மீ. வேகத்தை ஒட்டித் தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கலாம். தேய்ந்த டயர் அதற்கு வெகுமுன்பே மிதக்கும்.

ஓடும்போது வெடித்துவிட்டது, ஸ்டெப்னியும் இறங்கிக் கிடக்கிறது

வெடித்த நொடியில் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடதுபக்கம் ஒதுங்குங்கள். எல்லோரையும் இறக்கி, ரோட்டைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே லேசாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

எனக்கு இது நடந்தது 2022 மே மாதம், நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, பணகுடி தாண்டி. மத்தியானம் இரண்டு மணி, வண்டியில் ஆறு பேர். பழைய வண்டியாக வாங்கியது. விற்றவர் பட்டனைக் காட்டி, புதுசு மாதிரி இருக்கிறது என்றார், நானும் பட்டனைத்தான் பார்த்தேன். மேலே சொன்ன 185/65 ஆர்15 அளவு டயர் 90 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 750 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிழட்டு ரப்பர் நசுங்கி நிமிர்கிறது, சூடு ஏறுகிறது. பின் இடது டயர் பட்டன் பட்டையாகவே உரிந்துபோனது. யாருக்கும் அடிபடவில்லை. உரிந்துபோன டயரில் பட்டன் 5 மி.மீ. இருந்தது. தேதி எண் 1113, ஒன்பது வருடப் பழசு.

ஸ்டெப்னியில் கேஜ் வைத்தால் 12. தெரிந்தவர் ஒருவருக்கு போன் செய்து, வள்ளியூரிலிருந்து பஞ்சர் கடை அண்ணாச்சி ஒருவர் பைக்கில் பம்போடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தைகள் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி காற்று அடித்துவிட்டு, பக்கச் சுவரைத் துடைத்து எண்ணைக் காட்டினார். அதுவும் 1113. ஒருநாள்கூட ரோட்டில் ஓடாத டயர், பட்டனில் புது டயரின் மயிர் ரப்பர்கூட உதிரவில்லை. "மெதுவாப் போங்க, 40ஐத் தாண்டாதீங்க" என்றார். அப்படியே பாளையங்கோட்டை வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை ஐந்தையும் மாற்றினேன்.